மகளுக்கு வண்டி பார்த்த நாட்கள்

மகளுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டாவது மாதம் லைசென்ஸ் தபாலில் வந்தது. அதற்கு ஒரு வாரம் முந்திதான் கண் டாக்டர் என்னிடம் இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். கண்ணில் அழுத்தம் கூடி இடது ஓரத்துப் பார்வை போய்விட்டது. "நேரா இருக்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரியும் சார். ஓரத்துல வர்றது தெரியாது. ரோட்டுல ஆபத்து வர்றது ஓரத்துல இருந்துதான்," என்றார். என்னிடம் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். என் தொழிலே அதுதான்.

இருபத்திரண்டு வருஷமாக நான் இன்சூரன்ஸ் சர்வேயர். தூத்துக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு கார் மோதி நசுங்கினால், போய்ப் பார்த்து, எது உடைந்தது, எதைச் சரிசெய்யலாம், எது இனி தேறாது என்று எழுதிக் கொடுப்பவன். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிக்கு அடியில் புகுந்தது, உப்பளத்து ஓடையில் கவிழ்ந்தது, கயத்தாறு பக்கம் நாலுவழிச் சாலையில் மாட்டில் மோதியது என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். நான் போகிறபோது ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கோ வேறு எங்கேயோ போயிருப்பார்கள். வண்டி மட்டும் ஒர்க்‌ஷாப் சுவரோரமாக நிற்கும். உள்ளே ஒற்றைச் செருப்பு கிடக்கும், பாதி குடித்த தண்ணீர் பாட்டில் கிடக்கும். போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மனைவி நோயில் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு நானும் மகளும் சண்டை போட்டதில்லை, அதிகம் பேசியதும் இல்லை. அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். நான் கூடத்தில் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டாச்சா என்று நான் கேட்பேன், மாத்திரை போட்டாச்சா என்று அவள் கேட்பாள். அன்றைய பேச்சு அதோடு முடியும்.

கண் விஷயத்தை அவளிடம் மட்டும்தான் சொன்னேன். கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்தால் வெளியூர் வேலை கொடுக்கமாட்டார்கள். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். திரும்பிப் பார்க்காமல், "நான் ஓட்டுதேன்பா. நீங்க பக்கத்துல இருங்க. எனக்கும் காலேஜுக்கு ஆகும்," என்றாள்.

அவள் கல்லூரி திருச்செந்தூர் சாலையில், சாகுபுரம் தாண்டி. பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். லேப் முடியத் தாமதமானால் கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். அவள் கேட்டதில் தப்பில்லை. என்னுடைய பழைய கார் அவளுக்கு ஆகாது. ஏர்பேக் என்பதே இல்லாத காலத்து வண்டி, பிரேக்கும் ஒரு பக்கம் இழுக்கும். அதைக் கொடுத்துவிட்டு வேறு ஒன்று பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

அவளுக்கு ஒரு சின்ன சிவப்பு வண்டி பிடித்திருந்தது. கூடப் படிக்கிற பெண்ணின் அண்ணன் விற்கப் போகிறாராம். முன்னால் பெரிய ஸ்கிரீன், பின்னால் கேமரா. போனில் படத்தைக் காட்டினாள். வெகு நாளைக்குப் பிறகு அவளாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். நான் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்மா," என்றேன்.

"ஏன்பா?"

அந்த மாடல் வண்டி நொறுங்கி நின்றதை நான் ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன். ஒன்றில் முன்சக்கரம் பிரேக் பெடல் வரைக்கும் உள்ளே வந்திருந்தது. அதை எப்படி அவளிடம் சொல்வது என்று தெரியவில்லை. "தகரம் லேசு," என்று மட்டும் சொன்னேன். அவள் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து நான் தேட ஆரம்பித்தேன். பழைய வண்டிகளை வாங்கி விற்கிற அண்ணாச்சி ஒருவர் பாளையங்கோட்டை சாலையில் இருக்கிறார். வேலை விஷயமாக எனக்குப் பல வருஷப் பழக்கம். ஒரு வெள்ளை வண்டியைக் காட்டினார். மூன்று வருஷம்கூட ஆகவில்லை, ஆறு ஏர்பேக், உள்ளே புதுத் துணி வாசனை. எனக்குமே ஆசை வந்துவிட்டது. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். பெல்ட் முழுவதும் வெளியே வருகிற வரைக்கும் இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில், துணியின் குறுக்கே, பழுப்பாக ஒரு கோடு இருந்தது. ஊரே மூழ்கிய அந்த டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மூன்று மாதம் நான் சேற்று வண்டிகளை மட்டும்தான் பார்த்தேன். சீட்டை மாற்றுவார்கள், தரைவிரிப்பை மாற்றுவார்கள். பெல்ட்டின் அடிநுனியை யாரும் கழுவமாட்டார்கள்.

அண்ணாச்சி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்ககிட்ட மறைக்க முடியுமா சார். வெள்ள வண்டிதான். ஆனா நல்லா ஓடும்."

"ஓடும் அண்ணாச்சி. ஏர்பேக் விரியுமா?"

"அது விரியாம இருக்கணும்னுதான சார் நாம சாமி கும்பிடுதோம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வண்டியை யாராவது தன் மகளுக்கு வாங்கிவிடுவானே என்று இருந்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டு, வாங்குகிறவரிடம் வெள்ளத்தைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றேன். சரி சார் என்றார். சொன்னாரா என்று தெரியாது.

அதன் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். என் பழைய சர்வே போட்டோக்கள் எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தன. தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு நோட்டில், எந்த வண்டியில் ஆள் இருக்கிற இடம் நசுங்காமல் நின்றிருக்கிறது, எதில் கதவை வெட்டி எடுத்தார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தேன். ஆயிரக்கணக்கான படங்கள். பல வண்டிகளைப் பார்த்த மாத்திரத்தில் இடம் ஞாபகம் வந்தது. இந்தப் புளியமரம், இந்தப் பாலம். பார்க்கப் பார்க்க எந்த வண்டியையும் வாங்கத் தோன்றவில்லை.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ மகள் தண்ணீர் எடுக்க வந்தவள் என் பின்னால் நின்றுவிட்டாள். திரையில் ஸ்டியரிங் சீட்டோடு ஒட்டிப் போன ஒரு படம் இருந்தது. நான் மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். நோட்டையும் எடுத்துப் புரட்டினாள்.

"அப்பா, நீங்க எனக்கு வண்டி பாக்குதியளா, நான் சாகிறதப் பாக்குதியளா?"

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். அவள் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு நோட்டை மூடியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் ஒரு வண்டி என் மனதில் நின்றுவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் கயத்தாறு பக்கம், விடிகாலையில், விளக்கில்லாமல் ஓரமாக நின்ற டிப்பர் லாரியின் பின்னால் மோதிய கார். முன்பக்கம் முழுவதும் அப்பளம். ஆனால் ஓட்டுநர் கதவு கையால் இழுத்ததும் சாதாரணமாகத் திறந்தது. இத்தனை வருஷத்தில் அப்படிக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. ஓட்டிய அம்மா கையில் ஒரு சிராய்ப்போடு இறங்கி நின்றதாக ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். அதே மாதிரி வண்டியை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வாங்குவதற்கு முன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியது. கோப்பில் நம்பர் இருந்தது.

கடற்கரை பக்கம் வீடு. பள்ளிக்கூட டீச்சர். போனில் யார் என்று சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாங்க என்றார். போனேன். ஐம்பது வயது இருக்கும். தனியாகத்தான் இருந்தார். கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆளின் போட்டோ, மாலை போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஆனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

டீ கொடுத்தார். நான் என் மகளைப் பற்றிச் சொன்னேன். பிறகு அந்த வண்டியைப் பற்றி நிறையப் பேசினேன். முன்னால் எப்படி மடங்கியது, கூரைத் தூண் எப்படி வளையாமல் நின்றது, கதவு எப்படித் திறந்தது. "உங்க வண்டி நல்லா நின்னுதும்மா. அதான் அதையே மகளுக்கு வாங்கலாம்னு பாக்குதேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவுக பின்னாடி படுத்திருந்தாக சார்."

எனக்குப் புரியவில்லை.

"எங்க வீட்டுக்காரரு. மதுரையில இருந்து பாளையங்கோட்டை வழியா வாரோம். முக்கால்வாசி தூரம் அவுகதான் ஓட்டுனாக. கண்ணு சொக்குது, நீ எடுளான்னு சொல்லிட்டுப் பின் சீட்டுல படுத்துட்டாக. பெல்ட்டு இல்ல. படுத்த ஆளுக்கு எப்படிப் போட?" மாலை போட்ட படத்தைப் பார்த்தார். "நீங்க வண்டியப் பாக்க வந்தப்ப நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். எனக்காக இல்ல, அவுகளுக்காக. மூணு நாள் இருந்தாக."

அந்தக் கோப்பில் எங்கேயோ ஒரு வரி இருந்திருக்கும். நான் படித்திருப்பேன். என் அறிக்கையில் வண்டியைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும், எழுதியிருக்கிறேன். நாலு வருஷமாக அந்தக் கதவு ஞாபகத்தில் இருக்கிறது. அந்த மனிதர் இல்லை. மன்னிச்சிருங்கம்மா என்றேன். அதற்கு அவர், "நீங்க என்ன செய்விய," என்றார்.

எழுந்திருக்கப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். "வாங்குங்க சார். நல்ல வண்டிதான். நானும் அதே வண்டிதான் திரும்ப வாங்கினேன். இப்பவும் ஸ்கூலுக்கு அதுலதான் போறேன்."

"பயமா இல்லையாம்மா?"

"பயந்தான். ஆனா பஸ்ஸுல போனா யாராவது பேச்சுக் கொடுக்காக. கார்னா கண்ணாடிய ஏத்திவிட்டு அழுதுக்கிட்டே போயிரலாம். ஸ்கூல் வாசல் வரைக்கும் நேரம் கிடைக்கும்." அதைச் சிரித்தபடியே சொன்னார். வாசல் வரைக்கும் வந்து, "மக நல்லா ஓட்டும். நீங்க அத ரொம்பப் பயங்காட்டாதீய," என்றார்.

அந்த வீட்டுக்கு நான் பிறகு போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை போன் செய்ய நினைத்தேன். செய்யவில்லை.

அண்ணாச்சி மூலமாகவே அதே மாடல் கிடைத்தது. சகதிக் கலர், எட்டு வருஷத்து வண்டி, கனமான கதவுகள், ஸ்கிரீன் கிடையாது. பெல்ட்டுகளை எல்லாம் கடைசி நுனி வரை இழுத்துப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏற்றி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மகள் ஒரு சுற்று சுற்றி வந்து, "கல்யாண மண்டப மேனேஜர் வண்டி மாதிரி இருக்குப்பா," என்றாள். உள்ளே ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னுக்கு நகர்த்தி, மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். நான் சொல்லித்தரவில்லை. டிரைவிங் ஸ்கூலில் படித்தது. அவள் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி கை. விரல்களைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை.

முதல் இரண்டு மாதம் சனிக்கிழமை தோறும் என்னை அவள்தான் சர்வேக்குக் கூட்டிப் போனாள். நான் இடது பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவேன். முன்னால் லாரி போகுது, இடைவெளி விடு. டிரெய்லர் திரும்புது, அவன் வால் வீசும், தள்ளி நில்லு. ஹார்ன் அடிக்காத, பொறு. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். இரண்டு பேரும் அவ்வளவு நேரம் ஒன்றாக இருந்தது அந்த நாட்களில்தான். வழியில் வண்டியை நிறுத்தி டீ குடிப்போம். ஒரு நாள் முக்காணி தாண்டும்போது, கொற்கைக்குப் போகிற சாலையைப் பார்த்து, "இங்கனதான் அந்தக் காலத்துல கப்பல் வந்துதாம், வெறும் வாழைத்தோட்டமா இருக்கு," என்றாள். அவளாகப் பேசிய வாக்கியங்கள் எனக்கு அப்படித் தனித்தனியாக ஞாபகம் இருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை பழையகாயல் பக்கம் ஒரு குறுக்குச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு ஏற வேண்டியிருந்தது. அவள் வலது பக்கம் பார்த்தாள். நான் வழக்கம்போல இடது பக்கம் பார்த்துச் சொன்னேன். "இங்கன யாரும் இல்ல. போ."

வண்டி ஒரு அடி நகர்ந்தது. நின்றது. இடது பக்கமிருந்து, வண்டியின் மூக்கை ஒட்டி, மீன் ஐஸ் பெட்டி கட்டிய பைக் ஒன்று விருட்டென்று போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டினார். மகள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

நான் பொய் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அந்த நோய் அப்படித்தான். தெரியாத இடம் இருட்டாக இருக்காது. ரோடாகவே இருக்கும், காலி ரோடாக. டாக்டர் சொன்னபோது இது எனக்குப் புரியவில்லை. அன்றைக்குப் புரிந்தது.

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். பக்கத்தில் உப்பளத்தில் உப்பை வாரிக் குவித்திருந்தார்கள். வெயிலில் கண் கூசியது.

"நீ எப்படிப் பாத்தே?" என்றேன்.

"நான் எப்பவும் ரெண்டு பக்கமும் பாத்துக்கிடுவேன்பா. நீங்க சொன்னப் பொறவு இன்னொரு தடவை பாப்பேன்."

"முதல்ல இருந்தேவா?"

"ம்."

அப்படியானால் இரண்டு மாதமும் நான் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறாள். என் மனம் கஷ்டப்படக் கூடாது என்று.

"இனிமே நீங்க சொல்ல வேண்டாம்பா. நான் பாத்துக்கிடுதேன். நீங்க சும்மா வாங்க." கியரைப் போட்டாள். அன்றைக்கு மிச்ச தூரம் நான் வாய் திறக்கவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் கம்பெனிக்குக் கண் விஷயத்தை எழுதிக் கொடுத்தேன். வெளியூர் சர்வே நின்றது. மற்ற சர்வேயர்கள் அனுப்புகிற அறிக்கைகளைப் பார்த்துச் சரிசெய்து கொடுக்கிற வேலை வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். அதன் பிறகு மகள் தனியாகத்தான் போனாள். காலையில் கேட்டைத் திறந்துவிடுவது மட்டும் என் வேலை. வண்டி தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் நிற்பேன். உள்ளே வந்தால் மணி எட்டரை. அவள் வருவது ஆறு. நடுவில் இவ்வளவு நேரம் ஒரு நாளில் இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அவள் இருக்கிற இடத்தைப் போனிலேயே பார்க்கலாம் என்று ஒருத்தர் சொன்னார். ஒரு நாள் பார்த்தேன். ஒரு நீலப் புள்ளி திருச்செந்தூர் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் அசையாமல் நின்றுவிட்டது. நாலு நிமிஷம் நின்றது. பிறகு கிளம்பியது. அந்த நாலு நிமிஷத்துக்குப் பிறகு நான் அதைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை. ஒரு நாள் காலையில் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பரீட்சை இருக்கு என்று கிளம்பிவிட்டாள். போகாதே என்று வாய் வரை வந்தது. கேட்டைத் திறந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு மழை மறுபடி பிடித்தது. நான் அறிக்கை ஒன்றைத் திறந்துவைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று நானே அவளுக்குச் சொல்லியிருந்ததால் கூப்பிடவும் முடியவில்லை.

பத்தரைக்கு வாசலில் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. அவள் நனையாமல் இருக்க ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னளா, திரும்பிட்டே?"

"முக்காணிக்கு முந்தி ரோட்டுல தண்ணி போகுதுப்பா. எல்லாரும் வண்டியத் தண்ணியில இறக்கிக் கொண்டுபோறாக. எவ்வளவு ஆழம்னு தெரியல. வந்துட்டேன்."

"பரீட்சை?"

"போன் பண்ணிட்டேன். நிறையப் பேரு வரல, இன்னொரு நாள் வைப்பாகளாம்."

அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லாததுபோலத் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். உப்புமா இருந்தது, சுட வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டாள். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டாள்.

நான் கூடத்தில் வேலையை எடுத்து உட்கார்ந்தேன். மழை பெய்துகொண்டே இருந்தது. சாயங்காலம் வரைக்கும் நாங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் அன்றைக்கு ஆள் இருந்தது. நான் மூன்று அறிக்கைகளை முடித்து அனுப்பினேன்.